கம்போடியாவில் மிஷனரிக் குடும்பமாக வாழ: முதல் ஆண்டுக்கான வழிகாட்டி

தமிழகத் திருச்சபைகளிலிருந்து மிஷனரிகளாகப் புறப்படும் குடும்பங்களில் பெரும்பாலானவை வட இந்தியப் பணித்தளங்களுக்கே செல்கின்றன. நாட்டின் எல்லையைத் தாண்டுவோர் சிலரே. அவர்களுக்கு அளிக்கப்படும் பயிற்சியில் வேதபாடத்துக்குக் குறைவில்லை; ஆனால் வீட்டு உரிமையாளரிடம் என்னென்ன கேட்டுக்கொள்ள வேண்டும், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் எந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது, பக்கத்து வீட்டுத் திருமணத்துக்கு எப்படி மொய் வைப்பது என்பவற்றை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. கம்போடியாவில் குடியேறவிருக்கும் குடும்பங்களுக்காக அவற்றை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். இதிலுள்ள படிகள் எல்லாம் ஓர் ஆலோசனையை ஒட்டியவை: முதல் ஆண்டை வீட்டை நிலைநிறுத்தவும் மொழியைக் கற்கவும் ஒதுக்குங்கள், அந்த ஆண்டில் புதிய ஊழியம் எதையும் தொடங்காதீர்கள். அனுப்பும் சபைக்கு இது எளிதில் ஒப்பாது என்பதால், பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே இதைப் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்.

முதல் படி: ஊரிலேயே முடிக்க வேண்டியவை

பாஸ்போர்ட்டுகளின் காலாவதித் தேதியைக் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பாருங்கள். சிறுவர்களின் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுகளே செல்லும் என்பதால், பெற்றோருடையது நன்றாக இருக்கும்போதே பிள்ளையுடையது முடிந்துவிடும். திருமணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ்கள், பட்டச் சான்றிதழ்கள், தடுப்பூசி அட்டைகள் ஆகியவற்றின் மூலங்களைக் கையிலும், நகல்களை ஊரில் நம்பிக்கையான ஒருவரிடமும் வையுங்கள். அந்த ஒருவருக்கே வங்கி, நிலவரி போன்ற காரியங்களுக்காக அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு கையெழுத்துக்கும் நீங்கள் விமானம் ஏற வேண்டியிருக்காது.

வேலைக்காகவோ காலவரையறையின்றியோ வெளிநாட்டுக்குப் போகிறவர் அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாடு வாழ் இந்தியராகக் கருதப்படுவார். எனவே சாதாரணச் சேமிப்புக் கணக்கை, வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றித் தரும்படி வங்கியிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். பலர் இதைச் செய்யாமல் விட்டுப் பின்னர் அலைகிறார்கள். அனுப்பும் ஸ்தாபனம் வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளையாக இருந்தால், இன்னொன்றையும் அதன் கணக்காளரிடம் கேட்டாக வேண்டும். அத்தகைய அறக்கட்டளை தன் வருமானத்தை இந்தியாவுக்கு வெளியே செலவிடும்போது, அந்தத் தொகைக்குப் பொதுவாக விலக்கு கிடைப்பதில்லை. அதற்குத் தனி அனுமதி வேண்டும். மாதாந்தரத் தாங்குதல் (சபைகள் தரும் பண உதவி) எந்த வழியில், யார் பெயரில், எந்தத் தேதியில் வந்து சேரும் என்பது எழுத்தில் இல்லாமல் புறப்படாதீர்கள். காணிக்கை வரும்போது வரட்டும் என்று விசுவாசத்தோடு போவது போற்றத்தக்கதுதான், ஆனால் வீட்டு வாடகை ஒவ்வொரு மாதமும் தவறாமல் கேட்கப்படும்.

தடுப்பூசிகளில் ஹெபடைட்டிஸ் ஏ, பி, டைஃபாய்டு, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஆகியவற்றைப் பற்றிக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். வெறிநாய்க்கடிக்கான முன்தடுப்பூசியைப் பிள்ளைகளுக்கு இங்கேயே போட்டுவிடுவது நல்லது. மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது, பாங்காக்குக்கு நோயாளியைக் கொண்டு செல்லும் செலவும் அதில் அடங்குகிறதா என்று பாருங்கள்; கடுமையான சிகிச்சைக்குக் கம்போடியாவில் வாழும் வெளிநாட்டவர் பலர் அங்கேதான் போகிறார்கள்.

சென்னைக் குடியேற்ற அதிகாரிகள் வழக்கத்தைவிடக் கூடுதலாக விசாரித்தால் மனம் சுளிக்க வேண்டாம். வேலை வாங்கித் தருவதாக அழைத்துச் சென்று, இணைய மோசடிக் கூடங்களில் இந்திய இளைஞர்களை அடைத்து வைத்த கொடுமை கம்போடியாவில் நடந்திருக்கிறது. இந்திய அரசு பலமுறை எச்சரிக்கை விடுத்து, அப்படிச் சிக்கியவர்களை மீட்டும் இருக்கிறது. அழைப்புக் கடிதமும் தங்குமிட முகவரியும் அச்சில் கையிலிருந்தால் அந்த விசாரணை சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

இரண்டாம் படி: விசாவும் சட்டமும்

சுற்றுலா விசாவில் போகாதீர்கள். அதை ஒருமுறை மட்டுமே, ஒரு மாதத்துக்கு நீட்டிக்க முடியும். ‘சாதாரண விசா’ எனப்படும் ஈ வகை விசாவே தங்கி வாழ்வோருக்கு உரியது. முதலில் 30 நாட்களுக்குத் தரப்படும் அதன் கட்டணம் 35 டாலர். பின்னர் ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ உள்நாட்டிலேயே நீட்டித்துக்கொள்ளலாம். நீட்டிப்புக்கு வேலை வழங்குபவரின் கடிதமும், தொழிலாளர் அமைச்சகத்தின் பணி அனுமதியும், நீங்கள் குடியிருக்கும் முகவரி வெளிநாட்டவர் பதிவு முறையில் ஏற்றப்பட்டிருப்பதும் தேவைப்படும். முகவரியை ஏற்ற வேண்டியவர் வீட்டு உரிமையாளர் என்பதை நினைவில் வையுங்கள். அடுத்த படியில் அது உதவும். கெடு தாண்டித் தங்கினால் நாளொன்றுக்கு 10 டாலர் அபராதம். ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒரு வாரம் அசட்டையாக இருந்தால் எவ்வளவு ஆகும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

தனியாளாகப் போய் அங்கே ஏதாவது செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம். முறைப்படி பதிவு பெற்ற அமைப்பு அல்லது சபையின் பெயரில் போக வேண்டும். 1993ஆம் ஆண்டின் அரசியலமைப்பு பௌத்தத்தை அரச மதமாக அறிவித்து, மத சுதந்திரத்தையும் உறுதி செய்கிறது. ஆனால் பௌத்தரல்லாதோர் பொது இடங்களில் மதப்பிரசாரம் செய்வதும், வழிபாட்டிடங்களுக்கு வெளியே மதநூல்களை விநியோகிப்பதும், பணமோ பொருளோ கொடுத்து மதம் மாறச் சொல்வதும் தடை செய்யப்பட்டவை. வீடு வீடாகச் சென்று பிரசங்கிக்கக் கூடாது என்பதை 2007இல் மத விவகார அமைச்சகம் மீண்டும் நினைவூட்டியது. தெருமுனையில் நின்று கைப்பிரதி கொடுத்துப் பழகியவருக்கு இது பெரும் கட்டுப்பாடாகத் தோன்றும். எனினும் விருந்தினராக வந்த நாட்டின் சட்டத்தை மீறினால், அதன் விலையை நீங்கள் செலுத்துவதில்லை; உங்களை நாட்டைவிட்டு வெளியேற்றிய பிறகு அங்கேயே வாழ வேண்டிய உள்ளூர் விசுவாசிகள்தான் செலுத்துகிறார்கள்.

மூன்றாம் படி: இறங்கிய முதல் வாரமும் வீடும்

தலைநகர் புனோம் பென்னுக்கான விமானங்கள் 2025 செப்டம்பர் முதல் நகரத்துக்குத் தெற்கே கண்டால் மாகாணத்தில் திறக்கப்பட்ட தேச்சோ விமான நிலையத்தில் இறங்குகின்றன. அங்கிருந்து நகருக்குள் வரக் கணிசமான நேரமாகும் என்பதால், சிறுபிள்ளைகளோடு நள்ளிரவில் இறங்கும் விமானத்தைத் தவிருங்கள். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி வையுங்கள். வெளியே வந்ததும் கவனிக்க வேண்டியது, வண்டிகள் சாலையின் வலப்புறம் ஓடுகின்றன என்பது. நம் ஊர்ப் பழக்கத்தில் பிள்ளைகள் சாலையைக் கடக்கும்போது தவறான திசையைத்தான் முதலில் பார்ப்பார்கள். முதல் வாரத்தில் கையைப் பிடித்துக் கடக்கவைத்துப் பயிற்சி கொடுங்கள்.

வாடகை வீட்டை இணையத்தில் பார்த்து முன்பணம் அனுப்ப வேண்டாம். விருந்தினர் விடுதியில் சில வாரம் தங்கி, மழை பெய்யும் ஒரு மாலையில் தெருவைப் போய்ப் பாருங்கள். மே முதல் அக்டோபர் வரையிலான மழைக்காலத்தில் எந்தத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் என்பதை எந்தத் தரகரும் சொல்லமாட்டார். உரிமையாளரிடம் கேட்க வேண்டியவை: மின்கட்டணம் அரசு விகிதத்திலா அவருடைய விகிதத்திலா, முன்பணம் எத்தனை மாதத்துக்கு, வெளிநாட்டவர் பதிவில் உங்கள் பெயரை ஏற்றுவாரா, வீட்டிலுள்ள சிறு வழிபாட்டு மாடத்தை என்ன செய்வது. கடைசிக் கேள்வியை நம்மவர்கள் பதற்றத்தோடு கேட்கிறார்கள். முற்றத்தில் தூண்மேல் நிற்கும் காவல்தெய்வ மாடமும், வீட்டுக்குள் தரையில் வைத்த சிவப்பு மாடமும் பெரும்பாலான வீடுகளில் இருக்கும். உள்ளே இருப்பதை எடுத்துச் செல்ல முடியுமா என்று பணிவாகக் கேட்கலாம். முற்றத்தில் இருப்பது உரிமையாளருடையது, அவர் வந்து ஊதுபத்தி கொளுத்திவிட்டுப் போவார், அதில் தலையிட வேண்டாம். அது உடன்பாடில்லை என்றால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே வேறு வீடு பார்ப்பதே நேர்மை.

தண்ணீரைப் பொறுத்தவரை தலைநகரும் கிராமமும் இரு வேறு உலகங்கள். புனோம் பென் குடிநீர் வாரியம் போரில் சிதைந்த கட்டமைப்பைச் சீர்செய்து 2010இல் ஸ்டாக்ஹோம் தொழில்துறை நீர் விருதைப் பெற்றது. ஆலையிலிருந்து வரும் நீர் நல்லதே என்றாலும், வீட்டுத் தொட்டியும் குழாயும் எப்படி இருக்கின்றன என்பது வேறு கேள்வி. ஆகவே குடிக்க 20 லிட்டர் கேன் வாங்குவதே வழக்கம். கிராமங்களில் பெரிய சிமெண்ட் ஜாடிகளில் மழைநீரைச் சேமிப்பார்கள். மேக்கோங் ஆற்றங்கரைப் பகுதிகளில், குறிப்பாகக் கண்டால் மாகாணத்தில், ஆழ்துளைக் கிணற்று நீரில் ஆர்சனிக் கலந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது. காய்ச்சினாலும் அது போகாது. கிணற்று நீர் பளிங்குபோலத் தெளிந்திருந்தாலும் பரிசோதனை முடிவைப் பார்க்காமல் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

நான்காம் படி: பணமும் சந்தையும்

அமெரிக்க டாலரும் உள்நாட்டு நாணயமான ரியலும் ஒரே கல்லாவில் புழங்குகின்றன. ஒரு டாலருக்குச் சற்றேறக்குறைய 4,000 ரியல் என்று வைத்துக் கணக்குப் போடுவார்கள். விலையை டாலரில் சொல்லி, மீதியை ரியலில் தருவார்கள். டாலர் நோட்டில் சிறு கிழிசலோ மை எழுத்தோ இருந்தால் யாரும் வாங்கமாட்டார்கள். மீதி வாங்கும்போது ஒவ்வொரு நோட்டையும் விரித்துப் பார்ப்பது அங்கே மரியாதைக் குறைவாகாது. விசா நீட்டிப்பு கிடைத்ததும் உள்ளூர் வங்கியில் கணக்குத் தொடங்கிவிட்டால், தேசிய வங்கியின் பாக்கோங் அமைப்பில் இயங்கும் க்யூஆர் குறியீட்டைக் கொண்டு இளநீர்க் கடை வரை பணம் செலுத்தலாம். நம் ஊர் யூபிஐ பழகியவருக்கு இதில் கற்க ஒன்றுமில்லை.

சந்தைக்குக் காலை ஆறு மணிக்கெல்லாம் போங்கள். கீரைக்காரப் பெண்மணி தரையில் விரித்த பிளாஸ்டிக் தாள்மேல் கங்குங் எனும் வள்ளைக்கீரை, பாகற்காய், வாழைப்பூ, புடலை, புளி, மாங்காய், முருங்கைக்கீரை என்று நமக்குத் தெரிந்த முகங்களையே அடுக்கி வைத்திருப்பார். முருங்கைக்கீரையை அங்கேயும் குழம்பில் போடுகிறார்கள், பெயர்கூட ‘ம்ரும்’தான். அடுத்த வரிசையிலிருந்து வரும் கடும் மணம் ப்ரஹொக் எனப்படும் புளிக்கவைத்த மீன் விழுதினுடையது. கருவாட்டுக்குப் பழகிய தூத்துக்குடி, கன்னியாகுமரிக் குடும்பங்கள் அதை ஒரு வாரத்தில் ஏற்றுக்கொள்கின்றன, மற்றவர்களுக்குக் கொஞ்சம் காலம் பிடிக்கும். உளுந்து, துவரம்பருப்பு, சாம்பார்ப் பொடி ஆகியவை புனோம் பென்னில் இந்திய மளிகைக் கடைகளில் கிடைக்கும், ஆனால் விலை அதிகம். தயிர் அவர்கள் உணவில் இடம்பெறுவதில்லை. உறைமோருக்கு அங்காடியில் சர்க்கரை சேர்க்காத தயிரைத் தேடி வாங்கி வீட்டிலேயே உறைய வையுங்கள்.

வாரத்தில் சில நாட்களேனும் கம்போடிய மக்களின் கெமர் உணவையே வீட்டில் சமைக்கும்படி வலியுறுத்துவேன். காலையில் பபோர் எனும் கஞ்சி பிள்ளைகளுக்கு உடனே பிடித்துப்போகும். அயலார் ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்தனுப்பும்போது வீட்டிலுள்ளோர் முகம் சுளிக்காமல் சாப்பிடுகிறார்களா என்பதை அந்தத் தெரு முழுவதும் கவனிக்கும். காலிக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அதில் ஏதாவது வைத்துக் கொடுப்பது நம் ஊர் முறைதானே, அது அங்கேயும் செல்லும்.

ஐந்தாம் படி: மொழி

முழு ஆண்டின் சாரமும் இதில்தான் இருக்கிறது. தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க், திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு மணலில் உட்கார்ந்து விரலால் அ, ஆ எழுதிப் பழகியதை நாம் பெருமையோடு சொல்கிறோம். அதே காரியத்தை நாம் செய்ய வேண்டிய இடம் வரும்போது, ஆங்கிலம் தெரிந்த உள்ளூர் இளைஞர் ஒருவரை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டு இரண்டாம் வாரமே பிரசங்க மேடை ஏறிவிடுகிறோம். அப்படித் தொடங்கியவர்களில் பலர் பல ஆண்டுகள் கழித்தும் மொழிபெயர்ப்பாளரோடுதான் நிற்கிறார்கள்.

தமிழருக்குக் கெமர் மொழி தாய்லாந்து மொழியைப்போலவோ வியட்நாமியத்தைப்போலவோ அச்சுறுத்தாது, ஏனெனில் அதில் தொனி வேறுபாடு இல்லை. வினைச்சொல் காலத்துக்கேற்பத் திரிவதில்லை. எழுத்து பல்லவர் எழுத்திலிருந்து கிளைத்தது. உயிர்க்குறி மெய்யின் முன்னும் பின்னும் மேலும் கீழும் ஒட்டிக்கொள்ளும் முறை ‘கொ’ எழுதத் தெரிந்தவருக்குப் புதிதல்ல. கடினம் வேறிடத்தில் இருக்கிறது. முப்பத்து மூன்று மெய்களும் இரண்டு வரிசைகளாகப் பிரிந்திருக்கின்றன. ஒரே உயிர்க்குறி முதல் வரிசை மெய்யோடு ஓர் ஒலியும் இரண்டாம் வரிசை மெய்யோடு வேறோர் ஒலியும் தரும். மூச்சொலி சேர்ந்த ‘ப’வும் சேராத ‘ப’வும் பொருளையே மாற்றும், இந்தி கற்றவருக்கு அது காதில் விழும், தமிழ் மட்டும் அறிந்தவருக்கு முதல் மாதங்களில் விழாது. சொற்களுக்கிடையே இடைவெளி விடாமல் எழுதுவார்கள். எண்களில் ஐந்துக்குப் பிறகு ஐந்தும் ஒன்றும், ஐந்தும் இரண்டும் என்று போவதால், ‘ப்ரம்’ (ஐந்து) என்பதைக் கேட்டதும் பணப்பையைத் திறக்காமல் அடுத்த சொல்லுக்காகக் காத்திருங்கள்.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். கணவன், மனைவி இருவருக்கும் தனித்தனி ஆசிரியரை, தனித்தனி நேரத்தில் ஏற்பாடு செய்யுங்கள். ஒருவர் வகுப்பில் இருக்கும்போது மற்றவர் பிள்ளைகளைப் பார்க்கட்டும். மனைவியின் வகுப்புதான் பிள்ளைகளின் காய்ச்சலுக்கும் விருந்தினர் வருகைக்கும் முதலில் பலியாகிறது. ஓராண்டு முடிவில் கணவர் பிரசங்கிக்கிறார், மனைவி வீட்டுக்குள் ஊமையாக இருக்கிறார் என்ற நிலையில், மனச்சோர்வோடு அந்தக் குடும்பம் ஊர் திரும்புவதை அனுப்பும் ஸ்தாபனங்கள் நன்கு அறியும். எனவே செலவைக் குறைக்க வேண்டுமென்றால் வேறெதையாவது குறையுங்கள். தலைநகரில் புனோம் பென் அரச பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டவருக்கான கெமர் வகுப்புகள் உண்டு, தனி ஆசிரியர்களும் கிடைப்பார்கள். முதல் மாதத்திலிருந்தே எழுத்தையும் கற்றுக்கொள்ளுங்கள்; தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதி வைத்துப் படிக்கும் குறுக்குவழி பிறகு தடுக்கிவிடும்.

ஆண்கள் ‘ஆம்’ என்பதற்குப் ‘பாத்’ என்றும் பெண்கள் ‘சா’ என்றும் சொல்வார்கள். நாள் முழுதும் வீட்டு உதவிப் பெண்ணோடு பேசிப் பழகும் சிறுவன் ‘சா, சா’ என்று சொல்லித் தெருவையே சிரிக்க வைப்பான். அவனுக்கு ஆண் பிள்ளைகளின் விளையாட்டுத் தோழமை வேண்டும் என்பதற்கு அதுவே அடையாளம்.

ஆறாம் படி: தெருவில் ஓர் ஆளாக ஆவது

வயதைக் கேட்பார்கள், அது வம்புக்காக அல்ல. உங்களைவிட மூத்தவரா இளையவரா என்று தெரியாமல் அவர்களால் ஒரு வாக்கியத்தைத் தொடங்கவே முடியாது. மூத்தவரைப் ‘பாங்’ என்றும், பெற்றோரைவிட இளைய பெண்ணை ‘மிங்’ என்றும், ஆணைப் ‘பூ’ என்றும், பெற்றோரைவிட மூத்தவரை ‘ஓம்’ என்றும், முதியவர்களைத் ‘தா’, ‘யேய்’ என்றும் உறவுமுறை வைத்து அழைக்க வேண்டும். அக்கா, அத்தை, தாத்தா, பாட்டி என்று முன்பின் தெரியாதவரையும் அழைக்கும் நமக்கு இது இயல்பாக வரும். கைகூப்பும் வணக்கமும் அப்படியே, ஆனால் அளவு உண்டு: ஒத்த வயதினருக்கு மார்பளவில், மூத்தவருக்கு வாயளவில், பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் மூக்களவில், பிக்குகளுக்குப் புருவத்தளவில். குழந்தையின் தலையைத் தடவிக் கொஞ்சாதீர்கள். பெண்கள் பிக்குகளைத் தொடவோ அவர்கள் கையில் நேராக ஒரு பொருளைக் கொடுக்கவோ கூடாது.

மழை ஓய்ந்ததும் திருமணக் காலம் தொடங்கும். தெருவை அடைத்துப் பந்தல் போட்டு, விடியும் முன்பே ஒலிபெருக்கியைப் போட்டுவிடுவார்கள். இதைப் பற்றிப் புகார் சொன்ன வெளிநாட்டவர் எவருக்கும் அத்தெருவில் நல்ல பெயர் இருந்ததாகத் தெரியவில்லை. அழைப்பிதழோடு உங்கள் பெயர் எழுதிய உறையும் வரும். அந்த உறையிலேயே மொய்யை வைத்து விருந்தன்று கொடுக்க வேண்டும், எவ்வளவு என்பதைப் பக்கத்து வீட்டு மிங்கிடம் வெளிப்படையாகவே கேட்கலாம். விருந்துக்குப் போக முடியாவிட்டாலும் உறையைக் கொடுத்தனுப்புங்கள். சாவு வீட்டுக்கு வெள்ளை மேலாடையில் போய், பணம் கொடுத்து, உட்கார்ந்து எழுந்து வாருங்கள். ஏழாம் நாளும் நூறாம் நாளும் அவர்களுக்கு முக்கியமானவை. சடங்குகளில் எதுவரை பங்கெடுப்பது என்ற கேள்விக்குப் பதிலை உங்கள் ஊர்ப் போதகரிடம் கேட்காதீர்கள். அதே குழப்பத்தைத் தம் சொந்த உறவினர் வீடுகளில் சந்தித்துத் தெளிந்த கெமர் விசுவாசிகளிடம் கேளுங்கள்.

ஐம்பது வயதைக் கடந்த எவரிடமும் 1975 முதல் 1979 வரை போல் போட் தலைமையில் நடந்த கெமர் ரூஜ் கம்யூனிஸ்ட் ஆட்சியைப் பற்றி நீங்களாக வினவாதீர்கள். 15 முதல் 20 இலட்சம் பேர் வரை மாண்ட காலம் அது. ஏப்ரல் 17 அன்று தலைநகரையே காலி செய்யச் சொல்லி மக்களை நடக்கவைத்தார்கள். 1923 முதல் புராட்டஸ்டண்டு மிஷனரிகள் கட்டியெழுப்பிய சிறிய சபையில் பெரும்பாலோர் அந்த ஆண்டுகளில் அழிந்தனர். 1954இல் முழுமையாக வெளிவந்த கெமர் வேதாகமத்தை வைத்திருப்பதே அப்போது ஆபத்தாக இருந்தது. 1990இல்தான் சபை மீண்டும் வெளிப்படையாகக் கூட அனுமதி கிடைத்தது. அவர்களாகச் சொல்லத் தொடங்கினால் குறுக்கிடாமல் கேளுங்கள். இந்தியர் என்ற முறையில் உங்களுக்கு ஓர் அனுகூலம் உண்டு: போல் போட் ஆட்சி வீழ்ந்தபின் அமைந்த அரசைப் பல நாடுகள் ஒதுக்கியபோது இந்தியா 1980இல் அங்கீகரித்தது, 1986 முதல் 1993 வரை இந்தியத் தொல்லியல் துறை அங்கோர் வாட்டில் சீரமைப்புப் பணி செய்தது.

ஏழாம் படி: உடல்நலம்

ஆம்புலன்ஸ் 119, காவல்துறை 117, தீயணைப்பு 118 ஆகிய எண்களைக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள். மழைக்காலத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் டெங்கு என்றே எண்ணிக்கொள்ளுங்கள். பாராசிட்டமால் மட்டும் கொடுக்கலாம். ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் இரத்தக்கசிவை அதிகப்படுத்தும் என்பதால் வீட்டிலேயே வைக்க வேண்டாம். ஏமாற்றும் நேரம் மூன்றாம் நாளுக்குப் பின் வருகிறது: காய்ச்சல் இறங்கிவிட்டது என்று வீட்டார் நிம்மதி அடையும் அதே கட்டத்தில்தான் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், சில்லிட்ட கைகால், அளவுக்கு மீறிய சோர்வு ஆகியவை தலைகாட்டும். அவற்றில் ஒன்று தெரிந்தாலும் இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ பதினைந்து நிமிடம் சோப்பும் நீரும் கொண்டு கழுவிவிட்டு, தடுப்பூசிக்காகப் புனோம் பென்னிலுள்ள பாஸ்டர் நிறுவனத்துக்குச் செல்லுங்கள். காடு சார்ந்த மாகாணங்களில் மலேரியா உண்டு. பைலின் பகுதி மருந்துக்குக் கட்டுப்படாத மலேரியாவுக்குப் பேர்போனது. வடமேற்கு எல்லை மாகாணங்களில் கண்ணிவெடிகள் இன்னும் முழுமையாக அகற்றப்படவில்லை என்பதால், சிறுநீர் கழிக்கக்கூட நடைபாதையை விட்டு விலகக் கூடாது. 2025 ஜூலையில் தாய்லாந்து எல்லையில் போர் மூண்டதிலிருந்து, எல்லைப் பகுதிகளுக்குப் போகுமுன் இந்தியத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்ப்பதும் கட்டாயமாகிவிட்டது. தூதரகத்தில் குடும்பத்தைப் பதிவு செய்துவிடுங்கள். அங்கே குழந்தை பிறந்தால், ஓராண்டுக்குள் அதன் பிறப்பைத் தூதரகத்தில் பதிவு செய்தால்தான் இந்தியக் குடியுரிமை சிக்கலின்றிக் கிடைக்கும்.

அயலார் மருத்துவச் செலவுக்குப் பணம் கேட்டு வருவார்கள். புனோம் பென்னிலும் சியாம் ரீப்பிலும் இயங்கும் காந்தா போபா மருத்துவமனைகள் குழந்தைகளுக்கு இலவசமாகவே சிகிச்சை அளிக்கின்றன. பணத்தை எண்ணிக் கொடுப்பதைவிட, டுக்டுக் எனும் ஆட்டோவில் தாயையும் குழந்தையையும் ஏற்றி அங்கே கூடவே போவது மேலானது.

எட்டாம் படி: பிள்ளைகள்

பன்னாட்டுப் பள்ளிகளின் கட்டணம் தமிழகச் சபைகளின் தாங்குதலுக்குள் பெரும்பாலும் அடங்காது. அரைநாள் கெமரும் அரைநாள் ஆங்கிலமும் கற்பிக்கும் தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்புகளுக்கு ஏற்றவை, மொழியும் தானாக வந்துவிடும். மேல் வகுப்புகளுக்கு வீட்டுக்கல்வியோடு இந்தியாவின் தேசியத் திறந்தநிலைப் பள்ளியைச் சேர்த்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு; 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம், தேர்வுக்கு ஊருக்கு வர வேண்டியிருக்கலாம் என்பதையும் திட்டத்தில் சேருங்கள். தமிழ் எழுத்தறிவு மட்டும் பெற்றோர் பொறுப்பு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்களை வைத்துக்கொண்டு, இரவு ஜெபத்தில் பிள்ளைகளே தமிழ் வேதாகமத்தை முறைவைத்து வாசிக்கும்படி செய்தால் போதும்.

ஊழியம் என்று வருவோர் போவோர் எல்லாருக்கும் பிள்ளைகள் பாடிக் காட்ட வேண்டும், படத்துக்கு நிற்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். அவர்கள் அங்கே சாதாரணச் சிறுவர்களாகப் பந்து விளையாட வேண்டியவர்கள்.

ஒன்பதாம் படி: சபையும் ஜெபக் கடிதமும்

கெமர் போதகர் ஒருவரின் சபையில் கடைசி வரிசையில் போய் உட்காருங்கள். நாற்காலி அடுக்குவது, பாத்திரம் கழுவுவது போன்றவற்றுக்கு மொழி வேண்டியதில்லை. ஏப்ரல் நடுவில் வரும் கெமர் புத்தாண்டு, நம் சித்திரைப் பிறப்பை ஒட்டியே வருவது. தலைநகரே காலியாகிச் சொந்த ஊர்களுக்குப் போய்விடும், கடைகள் அடைத்திருக்கும், மளிகையை முன்பே வாங்கி வையுங்கள். செப்டம்பர், அக்டோபரில் பதினைந்து நாள் நீளும் ப்சும் பென், நம் ஊர் மஹாளய பட்சத்தைப்போல் முன்னோருக்குச் சோறு படைக்கும் காலம். பெற்றோர் அதில் கலந்துகொள்ளும்படி அழைக்கையில் இளம் விசுவாசிகள் படும் பாடு சொல்லி முடியாது. போகாதே என்று ஆணையிடுவதும், போனால் என்ன என்று தள்ளிவிடுவதும் உங்கள் வேலையல்ல. அதைத் தீர்மானிக்கக் கெமர் மூப்பர்கள் இருக்கிறார்கள்.

அனாதை இல்லம் தொடங்காதீர்கள். இதை இவ்வளவு கடுமையாகச் சொல்வதற்குக் காரணம், கம்போடியாவில் அத்தகைய இல்லங்களில் வளர்க்கப்படும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் உயிரோடு இருக்கிறார்கள் என்பது ஆய்வுகளில் தெளிவானதுதான். வறுமைக்காகப் பிள்ளையைப் பிரித்து வைப்பதைவிட, அந்த வீட்டுக்கு அரிசியும் பள்ளிச் சீருடையும் கிடைக்க வழி செய்வது செலவிலும் குறைவு.

தாங்கும் சபைகளுக்கு எழுதும் ஜெபக் கடிதம் மாதம் ஒருமுறை போதும். எத்தனை ஆத்துமாக்கள், எத்தனை ஞானஸ்நானங்கள் என்று கேட்டு எழுதுவோருக்கு, இந்த மாதம் கற்ற எழுத்துகளையும், முதன்முதலாக வீட்டுக்கு வந்து தேநீர் அருந்திய அயலாரைப் பற்றியும் எழுதுங்கள். அயலாரின் பெயரையோ படத்தையோ அவர் அனுமதியின்றி அனுப்பாதீர்கள். கிழிந்த சட்டையோடு நிற்கும் குழந்தையின் படம் நிறையக் காணிக்கையைக் கொண்டு வரும், ஆனால் அந்தக் குழந்தையின் தாய்க்கும் கைபேசி இருக்கிறது, அதை அவரும் பார்ப்பார். முதலாம் ஆண்டு முடிவில் மொழி ஆசிரியரை வைத்தே ஒரு வாய்மொழித் தேர்வு நடத்தி, அதன் முடிவை அனுப்பும் சபையின் மிஷனரிக் குழுவுக்குக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் தனித்தனியாக எழுதி அனுப்புங்கள். இரண்டாம் ஆண்டில் எந்த ஊரில், எந்தச் சபையோடு, என்ன வேலை என்பதை அந்தக் கடிதத்துக்குப் பிறகு பேசத் தொடங்கலாம்.